ஆறு அங்குலம்

"அந்தப் பின்கம்பியைக் கீழ இறக்குங்க சார். இல்லேன்னா மெஷினு உங்களை லோனாவ்லா வரைக்கும் இழுத்துட்டுப் போயிடும்."

சந்தானம் மண்ணைக் கிளறும் டில்லரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம், கையில் டீ கிளாசுடன் ஒருவர் நின்றிருந்தார். புனேயில் இந்த நிக்டிப் பக்கம் குடிவந்த மூன்று வருஷத்தில், தெருவில் நின்று ஒருவர் தமிழ் பேசி சந்தானம் கேட்டதே இல்லை. மெஷினோடு பட்ட பாடெல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோனது.

காலை ஏழரை மணி. பதினொரு மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டி மீட்டிங். கட்டடத்தின் பின்னால், சந்தானத்தின் சமையலறை ஜன்னலை ஒட்டிக் காலியாகக் கிடக்கும் இடத்தில் சிமெண்டுக் கல் பதித்து எட்டுக் கார்கள் நிறுத்தலாமா என்று இன்றைக்கு முடிவெடுக்கப்போகிறார்கள். நிறுத்தினால் எட்டுக் காரின் புகையும் நேரே அந்த ஜன்னலுக்குள்தான் வரும். மனைவி கோதைக்கோ வீசிங். தாளிக்கிற புகைக்கே மூச்சு வாங்குகிறவள்.

"சேர்மன்கிட்ட சொல்லித்தான் பாருங்கோளேன்" என்று கோதை எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். அவரும் சொல்லாமல் இல்லை. ஆனால் அவர் ஹிந்தியில் ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடித்து முடிப்பதற்குள் சேர்மன் மராத்தியில் நாலு சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். பேசி ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் சந்தானத்துக்கு இந்த யோசனை வந்தது. விதைத்த மண் மேல் காரை ஏற்ற யாருக்கும் மனசு வராது. தொழிற்சாலை நண்பர் ஒருவரின் தோட்டத்திலிருந்து டில்லரை இரவல் வாங்கி வந்தார். வெந்தய விதை சட்டைப் பையில் தயாராக இருந்தது. மீட்டிங்குக்கு எல்லோரும் இறங்கி வரும்போது அங்கே பாத்தி இருக்க வேண்டும். திட்டம் கோதையைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மண்தான் ஒத்துழைக்கவில்லை. மழை நின்ற ஒன்றரை மாதத்தில் கரிசல் மண் இறுகிக் கிடந்தது. கத்திகள் உள்ளே இறங்காமல் தத்தித் தத்தி ஓட, பின்னாலேயே சந்தானமும் ஓடிக்கொண்டிருந்தார்.

வந்தவர் கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். "கம்பி மேல இருந்தா மெஷினு ஓடும், தோண்டாது. கீழ இறக்கினா கம்பி மண்ணுல ஊணிக்கிட்டு மெஷினைப் பிடிச்சுக்கும். அப்பத்தான் கத்தி இறங்கும். எடுத்த எடுப்புல முழுசா இறக்கிடாதீங்க. முதல் சுத்துக்கு ரெண்டு அங்குலம், அப்புறம் நாலு."

பெயர் கந்தசாமி, தர்மபுரிப் பக்கம், புனேவுக்கு வந்து பதினெட்டு வருஷம் என்பதெல்லாம் ஐந்தே நிமிஷத்தில் தெரிந்தது. எந்தக் கடையில் நல்ல இட்லி அரிசி கிடைக்கும் என்பதுகூடத் தெரிந்துவிட்டது. டில்லரைப் பற்றி இவ்வளவு விவரம் எப்படி என்று கேட்டதற்கு, "மண்ணோடதானே சார் நம்ம பொழப்பு" என்றார். யாரோ விவசாயி என்று சந்தானம் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார்.

கந்தசாமி சொன்னபடி குழாயில் தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் ஊறவிட்டார்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி, விரலால் தட்டினால் உதிர்கிறதா என்று பார்த்தார்கள். கைப்பிடி நெஞ்சுயரத்தில் இருந்ததால்தான் தோள் வலிக்கிறது என்று கந்தசாமி போல்ட்டைத் தளர்த்தி இடுப்பளவுக்கு இறக்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் டில்லர் சொன்ன பேச்சைக் கேட்டது.

இரண்டு சுற்று முடிந்ததும், "இன்னொரு சுத்து, ஆறு அங்குலம்" என்றார் கந்தசாமி.

வெந்தயத்துக்கு நாலே அதிகம். ஆனால் அதைச் சொன்னால் திட்டத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். எதற்கு உழுகிறீர்கள் என்று இந்த மனிதர் கேட்காததே பெரிய நிம்மதியாக இருந்தது. சந்தானம் கம்பியை இன்னும் இரண்டு துளை கீழே இறக்கினார்.

மூன்றாவது சுற்று முடிந்து, வாரியால் மேடுபள்ளமில்லாமல் இழுத்துவிட்டபோது மணி பத்தே முக்கால். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சந்தானம் அவசரமாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். அதற்குள் சேர்மன் நாலைந்து பேருடன் வந்து நின்றுவிட்டார். பின்னால் இன்னும் பலர் வந்தார்கள்.

சேர்மன் மண்ணைப் பார்த்தார். டில்லரைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று சந்தானம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவரோ நேரே வந்து சந்தானத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கி, கூட்டத்தைப் பார்த்து மராத்தியில் நீளமாக ஏதோ பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். சந்தானத்துக்குக் கண் கலங்கியது. ஜன்னலுக்குள் நின்றிருந்த கோதையைப் பார்த்துத் தலையசைத்தார். அவளும் சிரித்தாள்.

"என்ன சொல்றார்?" என்று கந்தசாமியிடம் மெதுவாகக் கேட்டார்.

கந்தசாமி குத்துக்காலிட்டு, டேப்பை மண்ணுக்குள் விட்டு அளந்துகொண்டிருந்தார். "எல்லாம் உங்க பெருமைதான் சார். தரை பாறையா இருக்கு, டிரில் போட்டு உடைக்கவே நாலு நாள் ஆகும்னு நான் சொல்லிட்டேன். பசங்களுக்குப் பரீட்சை, அந்தச் சத்தம் ஆகாதுன்னு இன்னைக்கு மீட்டிங்குல பார்க்கிங்கே வேண்டாம்னு விடறதா இருந்தாங்களாம்" என்றவர், டேப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "இனிமே கவலையில்ல, மத்தியானமே கல்லைக் கொண்டாந்து இறக்கிடறேன்."