வழி விடாத இன்வெர்ட்டர்

ஒரு தோட்டத்து மூலையில் சின்னதாக ஓர் ஆபீஸ் அறை இருந்தது. அதன் கூரையில் சோலார் பேனல், தரையில் பேட்டரி, சுவரில் இன்வெர்ட்டர். பேனல் தரும் மின்சாரத்தில் அறைக்கும் பேட்டரிக்கும் போக மிஞ்சியதைத் தெருக் கம்பிக்கு அனுப்புவது இன்வெர்ட்டரின் பொறுப்பு.

ஒரு நாள் உச்சி வெயிலில் தெரு முழுக்கக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் அந்தக் கணமே தெருவுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு, அறைக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தது.

"டேய், வழியை விடு!" என்று பேனல் மேலிருந்து கத்தியது. "தெருவே வேர்த்துக் கொட்டுது. எங்கிட்ட கரண்ட் பொங்கி வழியுது. இப்போ கொடுத்தா ஊரே நம்மைத் தலையில வச்சுக் கொண்டாடும்."

"முடியாது. செத்த கம்பியில நான் கரண்ட் ஏத்த மாட்டேன்."

"கஞ்சப்பயலே!"

"எனக்கும் வயிறு முட்டிப்போச்சு," என்று பேட்டரியும் சேர்ந்துகொண்டது. "திறக்கலேன்னா உன்னைக் கழற்றி வீசச் சொல்லுவோம்."

கஞ்சன் என்ற சொல் இன்வெர்ட்டரைச் சுட்டது. ஆனாலும் அது அசையவில்லை.

"தாராளமாச் சொல்லுங்க. கழற்றுற வரைக்கும் இந்த வழி அடைச்சேதான் இருக்கும்."

அப்போது தெருவில் ஒரு குரல் கேட்டது. பேனல் எட்டிப் பார்த்தது. மின்கம்பத்தின் உச்சியில் லைன்மேன் ஏகாம்பரம், அறுந்த கம்பியை வெறுங்கையால் முறுக்கிக்கொண்டே, கீழே நின்ற கூட்டாளியிடம் சொன்னார்: "முடிஞ்சுது சவரிமுத்து, இதோ இறங்கிடுறேன்."

வழி திறந்திருந்தால் அந்தக் கைக்கு என்ன ஆகியிருக்கும் என்று பேனலுக்குப் புரிந்தது. ஏகாம்பரம் இறங்கி, கரண்ட் வந்து, இன்வெர்ட்டர் வழியைத் திறந்த பிறகுதான் பேனல் மெல்லக் கேட்டது: "அவர் மேலே இருக்கார்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சுவத்துல தொங்குற எனக்கு அது எப்படித் தெரியும்?" என்றது இன்வெர்ட்டர். "கம்பி செத்திருந்தா, அதுல யாரோ கை வச்சிருக்காங்கன்னுதான் எனக்குக் கணக்கு. யாருமே இல்லேன்னாலும் திறந்திருக்க மாட்டேன்."