கொய்யாவைத் தள்ளிய குஞ்சு

கசகசா வயலில் அபின் எடுப்பதற்காகக் கீறிவிட்ட காய்களில் பால் வடிந்துகொண்டிருந்தது. சிறகில் அடிபட்ட ஆண்கிளி ஒன்று அதை நக்கிப் பார்த்தது. வலி போன இடம் தெரியவில்லை. சிறகு ஆறிய பிறகும் தினம் போனது. போகாத நாளில் உடம்பு நடுங்கியது, கால் கிளையில் நிற்கவில்லை.

"ஏங்க, நெஞ்செலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. ஒரு வாய் சாப்பிடுங்க," என்றது பெண்கிளி.

"பசியே இல்லடி. அந்தப் பாலை நாளையோட விட்டுடறேன்."

ஒருநாள் பெண்கிளி இரை தேடப் போன நேரத்தில் பொந்தில் இருந்த குஞ்சு பசியில் கத்தியது. அப்பன் மனசு கேட்கவில்லை. கிளிகள் ஊட்டுவதுபோல, தன் வயிற்றில் இருந்ததைக் கக்கி ஊட்டியது. இருந்ததோ அந்தப் பால்தான். குஞ்சு அடங்கித் தூங்கிவிட்டது. அப்புறம் குஞ்சு அழும்போதெல்லாம் அப்பனே ஓடிவந்து ஊட்டியது.

"பாத்தியா, எனக்கும் பிள்ளை வளர்க்கத் தெரியும்!"

ஒரு காலையில் பெண்கிளி பழுத்த கொய்யாவோடு வந்தது. குஞ்சு அதைத் தள்ளிவிட்டு, நடுங்கியபடியே நகர்ந்துபோய் அப்பாவின் அலகைக் கொத்தித் திறக்கப் பார்த்தது.

அந்த நடுக்கம் ஆண்கிளிக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். அலகை இறுக மூடிக்கொண்டது.

அன்றைக்கு அது வயலுக்குப் போகவில்லை. அப்பன் கிளியும் குஞ்சும் பொந்துக்குள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கிக் கிடந்தன.