வெள்ளி டம்ளர்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்த லோகாஷினி ஊர் எல்லைக் கம்பத்தில் எச்சில் தொட்டு வைத்தாள். எந்த வீட்டு வாரிசு என்று இப்போதெல்லாம் அதுவே சொல்லிவிடுகிறது. "மேலத்தெரு, பெரிய வீடு" என்றது.

பெரிய வீட்டு வைத்தியலிங்கம் மாலையோடு ஓடிவந்தார். "நம்ம ரத்தமாச்சே! வா தங்கச்சி!" கூடத்தில் உட்காரவைத்து, பரம்பரை வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார்.

"ஒன்னு கேக்கணும்ண்ணே. இவ்ளோ பெரிய வீட்டுப் பிள்ளை, என் எள்ளுத்தாத்தா, எதுக்கு மலாயாவுக்கு ஓடிவந்து ரப்பர் மரம் சீவுனாரு?"

அது அவருக்கும் தெரியாது. அதற்குள் கம்பத்தின் மீதி முடிவு கூடத்துச் சுவர்த்திரையில் வந்தது: "எள்ளுத்தாத்தா, மேலத்தெரு. எள்ளுப்பாட்டி, கீழச்சேரி."

வைத்தியலிங்கத்தின் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். லோகாஷினிக்குக் கீழச்சேரி என்பது இன்னொரு தெருவின் பெயர், அவ்வளவுதான். காலி டம்ளரோடு எழுந்தாள்.

"எங்கண்ணே கழுவுறது?"

"கழுவ வேண்டாம்மா." அவர் தள்ளி நின்றார். "அதை நீயே கொண்டுபோயிடு."

"எனக்கா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்ளோ பாசமாண்ணே!"

டம்ளரை நெஞ்சோடு அணைத்தபடி அவள் வாசலைத் தாண்டுவதற்குள், கூடத்தைக் கழுவிவிட உள்ளே வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.