முதல் மாதத்தில் முடிவெட்டு

சந்திரப் புத்தாண்டு பிறந்து முதல் மாதம் முடியும்வரை சீனாவின் தியான்ஜின் நகர முடிதிருத்தகங்களில் ஈதான் ஓட்டுவார்கள். தலை அலசிக்கொள்ள மட்டும் வந்திருந்த சியாவ் அம்மாள், பக்கத்து நாற்காலியில் ஒரு சிறுமிக்கு முடி வெட்டுவதைப் பார்த்துப் பதறிப்போனாள்.

“ஏம்மா, இந்த மாசம் பிள்ளை தலையில கத்தரி பட்டா தாய்மாமன் உசுருக்கு ஆகாதுன்னு தெரியாதா?”

“தெரியும்க்கா,” என்றாள் சிறுமியின் அம்மா யுன்ஃபென். “மெஷின் சத்தம், சீப்பு, தண்ணி எதையும் இவளால தாங்க முடியாது. முடி கண்ணை மறைச்சும் யாரையும் தொட விடல. இன்னைக்குத்தான் வெட்டிக்கிறேன்னு அவளே சொன்னா.”

கடைக்காரர் ரேடியோவை அணைத்திருந்தார். சீப்பைச் சிறுமி நியான்நியானிடமே தடவிப் பார்க்கக் கொடுத்திருந்தார். “இப்ப காதுகிட்ட வரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார்.

சியாவ் அம்மாள் யுன்ஃபெனை விடவில்லை. “உனக்குக் கூடப்பிறந்தவன் இருக்கானா?”

“ஒரு அண்ணன்.”

“அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“அவன்தான் உடனே கூட்டிட்டு வான்னான்.”

“விவரம் கெட்டவன்.” சியாவ் அம்மாள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். “நீயாவது சொல்லக்கூடாதா தம்பி? அடுத்தவன் உசுருன்னா உனக்கு அவ்வளவு இளக்காரமா?”

அவர் கத்தரியை மெல்ல நகர்த்தினார். கண்ணாடியில் நியான்நியானின் முகம் வாடியது.

“மாமா, அம்மாவோட அண்ணன் நீதானே? நீ செத்துடுவியா?”

சியாவ் அம்மாள் கடைக்காரரையும் யுன்ஃபெனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவர் குழந்தையின் தோளில், அவளுக்குப் பிடித்த மாதிரி, உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

“இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல. பின்னாடி கொஞ்சம் மிச்சமிருக்கு, அதையும் வெட்டிப் பாத்துடலாமா?”

நியான்நியான் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தானாகவே தலையைக் குனிந்து கொடுத்தாள்.