ஓகிநாமிக்கு ஒரு ஜோடி

மணப்பெண்ணுக்குச் சடை பின்னுகிற கவனத்தோடு, மிசாவோ தன் பெண்குதிரையின் வாலை வெள்ளைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜூன் முப்பது. பொலிகுதிரைப் பண்ணையில் இந்த வருஷத்து இனச்சேர்க்கைப் பருவத்தின் கடைசி நாள்.

பண்ணை மேலாளர் குனிமாட்சு கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். ஹிதாகா கடற்கரையில் கடற்பாசி அரிந்து காயப்போட்டுப் பிழைக்கிறவள், இப்போது ஒரே ஒரு குதிரைக்குச் சொந்தக்காரி. ஆறாவது வருஷமாக இதே நாளில், அதே கிழட்டுப் பொலிகுதிரை ஓகிநாமியைக் கேட்டு வந்து நிற்கிறாள்.

ஓகிநாமி அவள் கொட்டிலில் பிறந்து, விற்றுப் போனவன். கியோட்டோவின் நீண்ட பந்தயத்தை இரண்டு முறை ஜெயித்தபோது ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பொலிக்கு விட்ட பிறகு கதை மாறிவிட்டது. இருநூற்றுப் பதினோரு குட்டிகளில் ஒன்றுகூட அப்பன் பேரைக் காப்பாற்றவில்லை. ஒன்று மட்டும் ஏதோ சவாரிப் பள்ளியில் பிள்ளைகளைச் சுமக்கிறதாம்.

மற்றவர்கள் இவனிடம் வருவதை நிறுத்தி வெகுநாளாயிற்று. ஒரு பருவம் முழுக்க ஒரு ஜோடியும் வராத குதிரையைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டு, மறுநாளே இறைச்சி வியாபாரியின் லாரியில் ஏற்றிவிட வேண்டும். அது பண்ணை விதி. அமெரிக்காவிலிருந்து வந்திறங்கியிருக்கும் புதுக் குதிரைக்குக் கொட்டில் வேண்டுமே!

அதனால் குனிமாட்சு நயமாகவே பேசிப் பார்த்தார். இவன் ரத்தம் நீர்த்துப்போய்விட்டது, இவன் குட்டியை ஏலத்தில் ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்றார். சினை நிற்காவிட்டால் இன்னொரு முறை இலவசமாகக் கொண்டுவரலாம் என்று ஒரு சலுகை உண்டு. அதைக்கூட ஒரு தடவையும் கேட்டு வாங்காத அப்பாவி, சொன்னால் கேட்டுக்கொள்வாள் என்று நினைத்தார்.

அவள் அசையவில்லை.

"அக்கா, புதுக் குதிரையை உங்களுக்கு இனாமாவே விடறேன். பாதி ஊரு அவனுக்குத் தவம் கிடக்குது. இந்தக் கிழவனை விட்டுடுங்க."

"வேண்டாம் தம்பி. எனக்கு இவன்தான்."

"ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்குது, தெரியுமா?"

"பல்லு இருக்கு, சிரிக்கறாங்க. நீங்க போய் அவனைக் கூட்டிட்டு வாங்க."

ஓகிநாமி வந்தான். முதுகு தொய்ந்திருந்தது. ஆனாலும் தலையை நிமிர்த்தி அவன் கனைத்த கனைப்பில் பக்கத்துக் கொட்டில்கள் அடங்கிப்போயின. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. மிசாவோ அவன் நெற்றியை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்கு வந்தாள்.

வேண்டாவெறுப்பாகப் பதிவேட்டில் எழுதி, முத்திரை குத்தி, நகலை அவளிடம் நீட்டினார் குனிமாட்சு. இன்னும் ஒரு வருஷத்துக்கு அந்தக் கொட்டிலைத் தொட முடியாது. எரிச்சல் வாய்வரை வந்துவிட்டது.

"அந்தக் குட்டியை வச்சு என்னதான் பண்ணப் போறீங்க? அதுவும் தோத்துட்டுத்தான் வந்து நிக்கும்."

மிசாவோ தாளை மடித்து மடியில் பத்திரப்படுத்தினாள். தன் பெண்குதிரையை வண்டியில் ஏற்றிக் கதவைத் தாழிட்ட பிறகுதான், பின்னாலேயே வந்த குனிமாட்சு பக்கம் திரும்பினாள்.

"குட்டி யாரு கேட்டா? இவ மலடு, தம்பி."