உள்ளே கிடக்கும் பிக்

மனிதகுலம் முன்னேறாததற்கு ஒரே காரணம், உள்ளே விழுந்ததை வெளியே எடுக்க மறுப்பதுதான். என் விடுதி அறைத்தோழன் பெவினே சாட்சி. இறந்துபோன அவன் அப்பாவின் செமி-ஹாலோ கிட்டாருக்கு வயிறு பாதி காலி. கடைசிக் கச்சேரியில் அவர் கைநழுவிய பிக், அதாவது கம்பி மீட்டும் சின்ன வில்லை, துளை வழியே அதற்குள் விழுந்துவிட்டது. கம்பி மாற்றும்போதுகூட பெவின் கிட்டாரைக் கவிழ்க்க மாட்டான். தினமும் காலையில் லேசாகச் சாய்ப்பான். உள்ளே ‘டிக்’ என்று கேட்ட பிறகுதான் பல் தேய்ப்பான்.

“கவுத்து ஒரு ஆட்டு ஆட்டுனா வந்துரும், மக்கா,” என்றேன்.

“வந்துரும்லா. அதாம்டே பயம்.”

படிப்பு முடிந்து தோஹா போனவன், கிட்டாரை என்னிடம் விட்டுப்போனான். ஒரு நாள் காலை தூசி தட்டக் கவிழ்த்தேன். பிக் மடியில் விழுந்தது. கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் தேய்ந்திருந்தது.

யாரும் பார்க்கவில்லை. துளைக்குள் போட்டு, லேசாகச் சாய்த்தேன். பிறகு பல் தேய்க்கப் போனேன்.