ஈர மாவு

குருத்வாரா சமையற்கூடத்தில் ரொட்டிக்கு மாவு பிசையும் ஜஸ்மேல் கௌர், வழக்கம்போல் ஓர் உருண்டையைக் கிள்ளிக்கொண்டு பிரார்த்தனைக் கூடத்துக்கு வருகிறாள். தபேலாவின் இடப்பக்கத் தோலில் இதை அப்பினால்தான் அவள் கணவன் பச்சித்தருக்கு நாதம் கும்மென்று எழும். சன்னலில் பனிமூட்டத்தின் சாம்பல் வெளிச்சம். ஆர்மோனியத்தின் முன் பாடகர் குர்தித் தலைகுனிந்திருக்கிறார். பக்கத்தில் தபேலா உறையோடு கிடக்கிறது. "கையில என்ன அண்ணி?" என்று நிமிர்ந்து கேட்கிறார். "அவருக்கு மாவு..." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது, இன்றைய பிரார்த்தனையே செத்துப்போன பச்சித்தருக்காகத்தான் என்று. "அதனால என்ன, குடுங்க." குர்தித் உறையை நீக்கி மாவைத் தோலில் அப்புகிறார். பிறகு பாடத் தொடங்குகிறார். தபேலாவை யாரும் தொடவில்லை. பாட்டு தாளமில்லாமல் நீள்கிறது. மாவின் ஓரம் காய்ந்து வெடிக்கிறது. ஜஸ்மேல் எழுந்து போய், விரலில் தண்ணீர் தொட்டு அதை நனைக்கிறாள்.